புழுவும் சிஸ்டர் அத்தையும்



சாப்பிட்டுக்கொண்டே போன் பார்க்கிறவர்கள் இதை இப்போது படிக்க வேண்டாம். கை கழுவிவிட்டு வாருங்கள். இன்றைக்கு எழுதப்போவது புழுவைப் பற்றி. ஆறாத புண்ணில் வேண்டுமென்றே கொண்டுபோய் வைக்கிற புழு. படம் எதுவும் போடவில்லை, பயப்படாதீர்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெயரைப் போடாதீர்கள் சார் என்று சொல்லியிருக்கிறாள். 1998இல் பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். இப்போது பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் நர்ஸ். வீடு வீடாகப் போய் வயதானவர்களின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிடும் வேலை. பத்தொன்பது வருடமாகச் சர்க்கரை நோயோடு குடும்பம் நடத்தும் எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வந்திருந்தாள். நர்ஸுக்கே புத்தி அவ்வளவுதான் என்று கிண்டல் செய்தேன். "சார், இது பேரப் பிள்ளைக்கு. உங்க காலைக் காட்டுங்க முதல்ல" என்று தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குதிகால் வெடிப்பை அழுத்திப் பார்த்தாள். அப்போது பேச்சோடு பேச்சாக, "இந்த மாதிரிக் காலுக்கெல்லாம் புண் வந்து அழுகிப் போச்சுன்னா, அங்கே நாங்க புழு வைப்போம் சார்" என்றாள்.

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது இது. பச்சை ஈ என்று ஒன்று. உடம்பு பச்சைத் தகடு போல மின்னும். நம் ஊர் மீன் மார்க்கெட்டிலும் அந்த இனத்து ஈக்களைப் பார்க்கலாம். அதன் முட்டைகளைக் கிருமி நீக்கம் செய்து, பொரிந்து வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் புழுக்களைச் சின்ன வலைப் பைக்குள் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கத் தேயிலைப் பை போல இருக்கும். தெற்கு வேல்ஸில் பிரிட்ஜெண்ட் என்ற ஊரிலிருந்து அது கூரியரில் வரும். புண்ணின் மேல் பையை வைத்து, ஈரத் துணி வைத்து, லேசாகக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். புழு மூச்சுவிட வேண்டுமே, இறுக்கிக் கட்டக் கூடாது. மூன்று நான்கு நாள் கழித்துப் பிரித்தால் புழுக்கள் கொழுத்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கும். அழுகிய சதை குறைந்திருக்கும். புழுவுக்குப் பல் கிடையாது. அது ஒரு திரவத்தைச் சுரக்கிறது, செத்த சதை கரைந்து கூழாகிறது, அந்தக் கூழை உறிஞ்சுகிறது. உயிருள்ள சதையைத் தொடுவதில்லை. அந்தச் சுரப்புக்குக் கிருமிகளைக் கொல்லும் குணமும் உண்டு.

"முதல் தடவை வெச்சப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் சோறு சாப்பிடல சார். பிரெட்தான். சோத்தைப் பார்த்தாலே அது நெளியிற மாதிரி இருந்துச்சு. நோயாளி ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எண்பது வயசு. அவங்க ஜாலியா இருந்தாங்க. என் கைதான் நடுங்குச்சு."

இந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நோயாளி தயாராக இருக்கிறார், நர்ஸின் கை நடுங்குகிறது. அவள் போன பிறகு ஒரு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறு என்ன வேலை!

நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பை நான் முப்பத்தொரு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். 1798, நைல் நதிப் போர், நெல்சன் என்று உங்களில் பலர் இன்னும் மறக்காமல் ஒப்பிப்பீர்கள். அந்தப் படையோடு லாரே என்ற அறுவை மருத்துவர் போயிருந்தார். போர்க்களத்தின் நடுவிலேயே காயம்பட்டவர்களைத் தூக்கி வர விரைவு வண்டிகளை ஏற்பாடு செய்தவர் அவர்தான். இன்றைய ஆம்புலன்ஸுக்கு அது முன்னோடி. சிரியாப் பக்கம் போனபோது வீரர்களின் காயங்களில் நீல ஈயின் புழுக்கள் மொய்த்தன. அவை அழுகிய சதையை மட்டும் தின்று புண் ஆறுவதைச் சீக்கிரமாக்குகின்றன என்று லாரே கவனித்து எழுதி வைத்தார். ஆனால் பீரங்கிக்கு அஞ்சாத வீரர்கள் புழுவைக் கண்டு பதறினார்கள். அதை அப்படியே விட்டுவைக்கச் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போர். தெற்கு மாகாணங்களின் படையில் ஜக்கரியாஸ் என்ற மருத்துவர், வர்ஜீனியாவின் டேன்வில் மருத்துவமனையில், புழுக்களைத் தானாகவே எடுத்துப் புண்ணில் விட்டார். தற்செயலாக வந்த புழுவை விட்டுவைப்பது வேறு, வேண்டுமென்று எடுத்து வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்ததாகப் பதிவுள்ள முதல் மருத்துவர் அவர் என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதையின் நாயகன் என்றால் வில்லியம் பேயர்தான். (ஆஸ்பிரின் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில், 1917இல், பிரான்சில் இருந்தார். தொடை எலும்பு முறிந்து, வயிற்றுப் பக்கமும் பெரிய காயத்தோடு இரண்டு வீரர்கள் வந்தார்கள். போர்க்களத்தில் யார் கண்ணிலும் படாமல், சோறு தண்ணீர் இல்லாமல் ஏழு நாள் கிடந்தவர்கள். அந்தக் காலத்தில் தொடை எலும்பு முறிந்து வெளியே காயமும் இருந்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பிழைப்பதில்லை. இவர்களுக்கோ காய்ச்சல்கூட இல்லை. உடையை வெட்டிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் புழு. கழுவிவிட்டுப் பார்த்தால் உள்ளே சீழ் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருந்தது.

இதைப் பார்த்தவர் ஊருக்குத் திரும்பி உடனே செய்து பார்க்கவில்லை. 1928 வரை பதினோரு வருடம் ஓடிவிட்டது. எலும்புக்குள் சீழ் பிடித்து, எந்த வைத்தியத்துக்கும் ஆறாத நான்கு குழந்தைகளுக்கு அப்போதுதான் புழுவை வைத்தார். ஆறே வாரத்தில் புண்கள் ஆறின. பிறகு நிறையப் பேருக்குச் செய்தார். சிலருக்கு டெட்டனஸ் வந்துவிட்டது. புழுவே கிருமியைக் கொண்டுவரும் என்று தெரிந்தபின், முட்டையை மருந்தில் கழுவிச் சுத்தப் புழு வளர்க்கும் முறையைக் கண்டார்கள். 1931இல் அவர் இறந்தார். அவருடைய பெரிய கட்டுரையும் அந்த வருடம்தான் அச்சானது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இந்த வைத்தியம் நடந்தது. லெடர்லி என்ற மருந்துக் கம்பெனி ஆயிரம் புழு ஐந்து டாலர் என்று விற்றது. அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த அந்த நாளில் ஐந்து டாலர் சின்னக் காசு இல்லை.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்போது வலைப் பை கிடையாது. புண்ணைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் கம்பி வலையில் கூண்டு கட்டி, உள்ளே புழுவை விடுவார்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, புதிதாக வைக்க வேண்டும். வாரக்கணக்கில் இப்படி நடக்கும். புழு சுரக்கும் நீர் பட்டால் பக்கத்துத் தோல் வெந்தது போலாகும். கரைந்த சதை வழிந்து நாறும். கூண்டில் சின்ன இடைவெளி கிடைத்தாலும் புழு கட்டிலில் இறங்கி நடக்கும். பேயர் காலை ரவுண்ட்ஸில் பார்த்துவிட்டுப் போயிருப்பார். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலடியில் குனிந்து புழு தேடியது யார்? நான் படித்த பக்கங்களில் மருத்துவர்களின் பெயர் இருக்கிறது, புழுக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஈயின் லத்தீன் பெயர்கூட இருக்கிறது. ஒரு நர்ஸின் பெயர் வரவில்லை.

1940களில் பென்சிலின் வந்தது. புழு வைத்தியம் காணாமல் போனது. காரணம் சிக்கனம், வேகம். கூடவே, ஊசி போடுவது கூண்டு கட்டுவதைவிட எவ்வளவு நிம்மதி என்பதை அந்த வார்டுகளில் வேலை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பென்சிலின் போய்ச் சேராத இடங்களும் அப்போது இருந்தன. சயாம்–பர்மா ரயில் பாதை நமக்குத் தெரிந்ததுதானே. 1942, 43இல் ஜப்பானியர் போர்க் கைதிகளையும், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்க் கூலிகளையும் கொண்டுபோய்க் காட்டில் சாகடித்த பாதை. மூங்கில் கீறினால் போதும், கால் முழுக்கப் புண்ணாகி எலும்பு தெரியும். மயக்க மருந்து இல்லாமல் கரண்டியால் சுரண்டினார்கள். சில முகாம்களில் கைதிகளாக இருந்த மருத்துவர்கள் வேறு வழியில்லாமல் புண்ணில் புழுவை விட்டும் பார்த்தார்கள். தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே கிடையாது.

சரி, இவ்வளவையும் படித்துத் தலை நிறைய ஏற்றிக்கொண்டு நான் போன இடம் அக்கா வீடு.

என் அக்காவை மாணவர்கள் பலருக்குத் தெரியாது. உறவுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு அத்தையோ, யாருக்குப் பெரியம்மாவோ, எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர் அத்தை'தான். அரசு மருத்துவமனைகளில் முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 78 வயது. நம் குடும்பத்தில் பாதிப் பேருக்குப் பிறந்த அன்றைக்கு முதல் குளியல் அவர் கையால்தான்.

வாத்தியார் தோரணையில் நெப்போலியனில் ஆரம்பித்தேன். பேயரின் இரண்டு வீரர்கள் வரை வந்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது.

"அந்தப் புழுவுக்குத்தான்டா எனக்கு மெமோ குடுத்தாங்க."

எனக்கு எதுவும் புரியவில்லை. ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாத கதை அது. அத்தானிடம்கூடச் சொல்லவில்லையாம். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் போடக் கூடாது என்பது கட்டளை.

1974. ஆண்கள் அறுவை வார்டு. நாற்பது கட்டிலுக்கு அறுபது நோயாளிகள், மிச்சப் பேர் தரையில் பாயில். ராத்திரி டியூட்டிக்கு அக்கா ஒருத்தர், ஒரு ஆயா. மாட்டு வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய ஒரு பெரியவர். காலில் மாவுக்கட்டு. அந்த வாரம் மழை, வார்டு முழுக்க ஈ. ஜன்னலுக்கு வலை கிடையாது. பெரியவர் "உள்ளே ஊருது சிஸ்டர்" என்று இரண்டு நாளாகச் சொல்லியிருக்கிறார். மாவுக்கட்டைப் பிரிக்க மருத்துவர் எழுதித் தர வேண்டும், எழுதவில்லை. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் வாடை தாங்காமல் பிரித்தார்கள். புழு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பெரிய டாக்டர் அத்தனை நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் முன்னால், "இதுதான் நீ நர்சிங் பண்ற லட்சணமா?" என்று கத்தினார். உங்கள் பொறுப்பில் இருந்த நோயாளியின் புண்ணில் புழு கண்டதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும் என்று அன்று மாலையே மெமோ வந்தது.

"அப்புறம் டர்பன்டைன் ஊத்தி, ஃபோர்செப்ஸால ஒண்ணொண்ணா எடுத்தேன். ஒன்றரை மணி நேரம். எடுத்து முடிச்சு உப்புத் தண்ணியில கழுவினேன் பாரு..." அக்கா சற்று நிறுத்தினார். "உள்ளே அவ்வளவு சுத்தம்டா தம்பி. ரோஸ் கலர்ல புதுச் சதை. பதினைஞ்சு நாள் டிரெஸ்ஸிங் பண்ணாலும் அப்படி வராது. அந்தக் காலை எடுக்கணும்னு முதல்ல பேசிக்கிட்டிருந்தாங்க. எடுக்கல. அந்த மனுஷன் நடந்துதான் வீட்டுக்குப் போனார்."

"யார்கிட்டயாவது சொன்னியா அக்கா?"

"எப்படிடா சொல்றது? தப்பிக்கிறதுக்குச் சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்க. புழு வந்துச்சு, நல்லதாப் போச்சுன்னு மெமோவுக்குப் பதில் எழுதவா முடியும்? மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தேன்."

பிரான்சில் 1917இல் பேயர் பார்த்ததும் நம் ஊர் வார்டில் 1974இல் என் அக்கா பார்த்ததும் ஒரே காட்சி. அவர் பார்த்தது மருத்துவ இதழில் அச்சானது. இவர் பார்த்தது மன்னிப்புக் கடிதமானது.

நர்ஸுகளின் அருவருப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது வெறும் அருவருப்பு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலம், சீழ், ரத்தம் எதற்கும் முகம் சுளிக்காதவர்கள் அவர்கள். புழு அவர்களுக்கு வேறு ஒன்று. 'புழுத்துப் போவாய்' என்பது நம்மிடம் சாபம். புண்ணில் புழு என்றால் கவனிக்க ஆள் இல்லாதவன் என்று அர்த்தம். வீட்டில் என்றால் பெற்ற பிள்ளைகள் சரியில்லை, வார்டில் என்றால் நர்ஸ் சரியில்லை. நைட்டிங்கேல் அம்மையார் காலத்திலிருந்து அந்தத் தொழிலுக்கு ஆதாரமே சுத்தம்தான். சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து இன்றுவரை பெண்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான். புழு வராமல் பார்த்துக்கொள்வதே என் வேலை என்று நாற்பது வருடம் வாழ்ந்தவரிடம், இந்தா, புழுவை நீயே வை என்றால் கை நடுங்காதா?

அக்கா அதோடு விடவில்லை. "எல்லாப் புழுவும் நல்ல புழு இல்லடா. மூக்குல புழு வெச்ச ஒரு அம்மாவைப் பார்த்திருக்கேன். உள்ளே குடைஞ்சு மேலண்ணத்துல ஓட்டை. உங்க வெள்ளைக்காரன் அதைப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டான்."

இதுவும் உண்மை. வீட்டுக்கு வந்து அதையும் தேடினேன். நம் நாட்டில் உயிருள்ள சதையையே துளைத்துத் தின்னும் ஈப் புழு ஒன்று உண்டு. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணிபுரிந்த பேட்டன் என்ற பூச்சியியல் அறிஞர், நூறு வருடத்துக்கு முன், இந்தியாவில் மனிதர்களின் புண்ணில் காணும் புழுக்களில் இந்த ஈயின் பங்கு எவ்வளவு பெரியது என்று காட்டினார். அவர் கிராக் என்பவரோடு சேர்ந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் 1913இல் வந்தது. ஆக, நம் நர்ஸுகளின் பயத்துக்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. வேல்ஸில் பையில் வருவது தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரே ஒரு ஈயின் கிருமியில்லாத புழு. நம் ஊர்ப் புண்ணில் தானாக வருவது எந்த ஈயுடையது என்று வார்டில் நிற்கும் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? டர்பன்டைன் பாட்டிலை எடுத்ததில் அக்கா செய்த தவறு ஒன்றுமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் புழுவை விட்டுப் பரிசோதனை செய்யாதீர்கள். புண்ணில் புழு கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி இந்தப் புழு எப்படித் திரும்பி வந்தது என்பது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகின, சர்க்கரை நோய்க் கால்களும் பெருகின. கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், ரொனால்ட் ஷெர்மன் என்ற மருத்துவர் 1990 வாக்கில் மீண்டும் ஆரம்பித்தார். முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தவர்களின் படுக்கைப் புண்ணுக்கு வைத்துப் பார்த்தார். பிரிட்ஜெண்டில் 1995இல் புழு வளர்க்கும் ஆய்வகம் தொடங்கியது. 2004இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மருந்தாக இல்லை, மருத்துவக் கருவி என்ற பிரிவில்! கத்தி, கத்தரிக்கோல், புழு. அதே வருடம் பிரிட்டனில் அரசு மருத்துவச் சீட்டில் எழுதித் தரலாம் என்றானது. அங்கே இதைப் பெரும்பாலும் வைப்பது மருத்துவர் இல்லை, என் மாணவியைப் போன்ற நர்ஸுகள்.

அங்கேயும் எல்லா நர்ஸும் சந்தோஷமாக வைப்பதில்லை. நெதர்லாந்தில் 2005இல், புழு வைத்துக்கொண்ட நோயாளிகளிடம் அருவருப்பாக இருந்ததா என்று கேட்டு எழுதினார்கள். பெரும்பாலோருக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. மாதக்கணக்கில் நாறும் புண்ணோடு, பேரப் பிள்ளைகள் பக்கத்தில் வராமல் உட்கார்ந்திருப்பவருக்குப் புழு எம்மாத்திரம்? தயக்கம் கட்டு போடுகிறவர்களிடம்தான் இருக்கிறது என்று கண்டு, ஸ்வான்சி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யாம்னி நிகம் 'புழுவை நேசி' என்கிற மாதிரி ஒரு பிரசாரமே நடத்துகிறார். நான் அந்தத் தலைப்பை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும்.

புகழ்ச்சி மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது. 2009இல் பிரிட்டனில் கால் புண் உள்ள 267 பேரை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குப் புழு, சிலருக்கு வழக்கமான ஜெல். செத்த சதையை அகற்றுவதில் புழு வெகு வேகம். ஆனால் புண் முழுதாக ஆறுவதற்கு ஆன காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. புழு வைத்தவர்களுக்கு வலியும் அதிகம். வலிக்கிறது என்று நோயாளி கத்தும்போது எதிரில் நிற்பதும் நர்ஸ்தான். தயங்குகிற நர்ஸைக் கேலி செய்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாணவி ஊருக்குத் திரும்பும் முன் அவளை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா என்றோ அத்தை என்றோ கூப்பிடாமல், உள்ளே நுழைந்ததும் "வணக்கம் சிஸ்டர்" என்றாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஒரு மணி நேரம் நான் அந்த அறையில் இருந்ததாகவே இரண்டு பேருக்கும் நினைவில்லை.

அக்காவின் முதல் கேள்வி: "எண்ணி வெச்சு எண்ணி எடுப்பீங்களா?"

நான் நெப்போலியன், பேயர் என்று எத்தனை பக்கம் படித்தேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அறுவை அறையில் பஞ்சையும் துணியையும் எண்ணி வைத்து எண்ணி எடுத்தவரின் கேள்வி.

"பை மூடியே வருது சிஸ்டர், மூடியே எடுக்கிறோம். பையை மட்டும் எண்ணினாப் போதும். பையில்லாம விடுற முறையும் உண்டு. அதுக்குப் புண்ணைச் சுத்தி ஒட்டுத்துணி வெச்சு மேலே வலை ஒட்டணும். எனக்குப் பைதான் பிடிக்கும்."

"எடுத்ததை?"

"ரெண்டு கவர்ல போட்டுக் கட்டி, எரிக்கிற கழிவோட போயிடும்."

"வலிக்குதுன்னா?"

"முன்னாடியே வலி மாத்திரை குடுத்திடுவோம். தாங்கலைன்னா உடனே எடுத்திடுவோம். எழுதித் தரச் சொல்லி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் சிஸ்டர், நானே முடிவு பண்ணலாம்."

அக்கா அதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மாவுக்கட்டுப் பெரியவரின் கதையை அவளிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னார். எனக்குச் சொன்னதைவிட விவரமாக. புண்ணின் அளவு, எத்தனை விரல் ஆழம், என்ன நிறம், கழுவியபோது ரத்தம் எப்படிக் கசிந்தது, எல்லாம். மாணவி குறுக்கே இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். கடைசியில், "சிஸ்டர், நாங்க புழு எடுத்த பிறகு எழுதி வைக்கிற நோட்டுல இதையேதான் எழுதுவோம்" என்றாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று நான் அக்காவை வம்புக்கு இழுத்தேன். என் கால்ல ஒரு நாள் அப்படிப் புண் வந்து, இவ புழுப் பையோட வந்து நின்னா என்ன பண்ணுவே?

"டர்பன்டைன் பாட்டிலோட பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்" என்றார் அக்கா. "நாலு நாளும்."

பிறகு மாணவியைப் பார்த்து, "நீ வைம்மா. நான் பார்க்கணும்" என்றார்.

அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா என் பாதத்தைப் பரிசோதிக்க வருகிறார், இப்போது பூதக்கண்ணாடியோடு. உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். என்னிடம் படித்துவிட்டு நர்ஸாக வேலை பார்க்கும் பிள்ளைகள் எப்படியும் முப்பது நாற்பது பேர் இருப்பீர்கள். உங்கள் வார்டில் நீங்கள் பார்த்து, யாரிடமும் சொல்ல முடியாமல் போனது ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் போடமாட்டேன். அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன்.